காத்தவராயனுக்கு எதற்குத் தெய்வப் பிறப்பு?

காத்தவராயன் சிவபெருமானின் பிள்ளை என்று யாராவது உங்களிடம் கதை சொன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். சிவனின் பிள்ளையை எந்த ராசா பிடித்துக் கழுவில் ஏற்றுவான்? பறையர் வீட்டில் வளர்ந்த பிள்ளை. பார்ப்பனர் வீட்டுப் பெண்ணை விரும்பினான், கொண்டுபோனான். கழுவில் ஏற்றினார்கள். கதை இவ்வளவுதான். மற்றதெல்லாம் பிறகு பூசிய சந்தனம்.

இதை இப்போது எழுதக் காரணம் ஒரு விளையாட்டு. பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கும் நம் தம்பிகள் நாலைந்து பேர் வார இறுதியில் கூடி ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆடுகிறார்கள். தாயம், சதுரங்கம் மாதிரி அல்ல இது. ஆளுக்கு ஒரு கதைமாந்தரை ஒரு தாளில் எழுதி உருவாக்கிக்கொள்வார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் தங்கள் ஆள் என்ன செய்கிறான் என்று சொல்லுவார்கள். நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகப் பகடை முடிவு செய்யும். அதில் ஒரு தம்பி, எல்லோரும் எல்ஃப், டுவார்ஃப் என்று போகும்போது, “நான் காத்தவராயனை இறக்கப்போறேன்” என்றிருக்கிறான். நல்ல பிள்ளை.

சிக்கல் அங்கேதான் வந்தது. இந்த விளையாட்டில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு ‘கிளாஸ்’ உண்டு. வாள் பிடிப்பவன் ஃபைட்டர். மந்திரம் போடுபவனில் வகைகள் இருக்கின்றன. காத்தவராயனோ வாளும் பிடிப்பான், மந்திரமும் போடுவான். அப்படி இரண்டைச் சேர்ப்பதற்கு ‘மல்டிகிளாஸ்’ என்று பெயர். சேர்க்கலாம், ஆனால் எந்த மந்திரக் கிளாஸோடு சேர்ப்பது? “அவன் சிவனோட பிள்ளைதானே, சார்சரர்னு போடு” என்று மேசையில் ஒருவர் சொல்ல, வாக்குவாதமாகி, “அண்ணே, நீங்க சொல்லுங்க” என்று என்னிடம் வந்தார்கள்.

எனக்கு இந்த விளையாட்டு பழக்கமில்லை. அவர்களிடம் இருந்த விதிப்புத்தகங்களை வாங்கிப் படித்தேன். சார்சரர் என்றால் இரத்தத்திலேயே மந்திரம் உள்ளவன். முப்பாட்டன் டிராகனாகவோ தேவனாகவோ இருந்திருப்பான், அதனால் இவனுக்கு வரும், படிக்க வேண்டியதில்லை. விசார்ட் என்றால் படித்தவன். ஏடு வைத்திருப்பான், எழுதி எழுதிக் கற்றிருப்பான். இரண்டு சொல்லையும் தமிழில் மந்திரவாதி என்றே சொல்லிவிடலாம். ஆனால் ஒன்று பிறப்பால் வருவது, மற்றது கல்வியால் வருவது. இந்த வேறுபாட்டுக்காகத்தானே ஆயிரம் ஆண்டுகளாக நம் ஆட்கள் செத்தார்கள்?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காத்தவராயனை சார்சரர் ஆக்காதீர்கள். ஃபைட்டர், விசார்ட் இரண்டையும் சேர்த்து ஆக்குங்கள். ஏன் என்பதைக் கீழே எழுதுகிறேன். “சும்மா விளையாட்டுதானே” என்பவர்களும் படித்துவிட்டுச் சொல்லட்டும்.

அவர்கள் விதிப்புத்தகம்

இந்த விளையாட்டு 1974இல் அமெரிக்காவில் வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கியவர்கள். தொடக்க காலத்தில் அதிலும் பிறப்பு பேசியது. 1978இல் வந்த விதிநூலின்படி மனிதப் பிறவி ஒரே நேரத்தில் இரண்டு கிளாஸில் வளர முடியாது. எல்ஃப் போன்ற பிறவிகள் வளரலாம். வாளும் மந்திரமும் ஒருசேரக் கைவர வேண்டுமென்றால் அதற்கென்று பிறந்திருக்க வேண்டும். அந்தப் பிறவிகளுக்கும் பல கிளாஸில் இத்தனை படிக்கு மேல் ஏறக்கூடாது என்று கூரை போட்டிருந்தார்கள். மனிதன் மாற வேண்டுமென்றால் பழைய தொழிலை அப்படியே விட்டுவிட்டு முதல் படியிலிருந்து புதியதைத் தொடங்க வேண்டும். அதற்கும் மிக உயர்ந்த புள்ளிகள் கேட்டார்கள்.

ஆடியவர்கள் சும்மா இருக்கவில்லை. இது ஏன், அது ஏன் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2000இல் வந்த பதிப்பில் எந்தப் பிறவியும் எந்தக் கிளாஸையும் சேர்க்கலாம் என்றானது. 2014 பதிப்பில் அந்தந்தத் தொழிலுக்கு வேண்டிய திறனில் 13 புள்ளி இருந்தால் போதும் என்றானது. ஆனாலும் பிறப்பு ஒரேயடியாகப் போய்விடவில்லை. வாளோடு மந்திரம் சேர்ந்த ‘பிளேட்சிங்கர்’ என்ற கலையை 2015இல் கொண்டுவந்தபோது எல்ஃபும் பாதி எல்ஃபும் மட்டும்தான் கற்கலாம் என்று எழுதினார்கள். 2020இல் அந்தத் தடையை எடுத்தார்கள். 2024 பதிப்பில் ‘ரேஸ்’ என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். வலிமை, அறிவு போன்ற திறன்களுக்குக் கூடுதல் புள்ளி இனி பிறவியால் வராது. வளர்ந்த சூழலும் செய்த வேலையும் தரும்.

ஆக ஒரு விளையாட்டு, ஐம்பது ஆண்டுகளில், தன் விதிப்புத்தகத்திலிருந்து பிறப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்திருக்கிறது. நல்லெண்ணத்தாலா, வியாபாரத்துக்காகவா என்று கேட்கலாம். இரண்டும் இருக்கும். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. விதி மனிதன் எழுதியது என்பதை அவர்கள் மறக்கவில்லை. எழுதியவன் பெயரும் ஆண்டும் அட்டையில் இருக்கிறது. அதனால் அடித்துத் திருத்த முடிந்தது.

நம்ம ஊர் விதிப்புத்தகம்

நம்மிடம் அதைவிடப் பழைய விதிப்புத்தகம் ஒன்று இருக்கிறது. எழுதியவன் மனிதன் என்று அதை வைத்திருப்பவர்கள் ஒப்புக்கொள்வதில்லை. நான்கு கிளாஸ். மந்திரம் ஒருவனுக்கு, வாள் ஒருவனுக்கு, தராசு ஒருவனுக்கு, ஏவல் ஒருவனுக்கு. நாம் அந்த நான்கிலும் இல்லை. மேசைக்கே வரக்கூடாதவர்கள்.

இந்தப் புத்தகத்தில் மல்டிகிளாஸ் இல்லை என்று நினைக்காதீர்கள். தாராளமாக இருக்கிறது. மனுவின் பத்தாம் அத்தியாயத்தைப் புரட்டிப் பாருங்கள். பார்ப்பனனுக்குத் தன் தொழிலால் பிழைக்க முடியாத நெருக்கடி வந்தால் க்ஷத்திரியன் தொழிலைச் செய்யலாம், வைசியன் தொழிலையும் செய்யலாம். கீழே உள்ளவன் மேலே உள்ளவனின் தொழிலைச் செய்து பிழைத்தால் அரசன் அவன் சொத்தைப் பறித்து நாடு கடத்த வேண்டும். அதாவது மேலிருந்து கீழே இறங்கலாம், ஏறக்கூடாது. இதுதான் விதி.

இந்த விதியை வைத்துப் புராணங்களைப் படித்தால் எல்லாம் விளங்கிவிடும். துரோணர் பார்ப்பனர், வில்லாசிரியர். கிருபர், அசுவத்தாமன், பரசுராமர் எல்லோரும் அப்படியே. வேதமும் வில்லும் ஒரே கையில். யாரும் அவர்களைக் கேள்வி கேட்கவில்லை. பிரம்மாஸ்திரம் என்பதே வாள்காரனும் மந்திரக்காரனும் சேர்ந்த பொருள்தான். நாணில் பூட்டுவது அம்பு, அதற்கு உயிர் கொடுப்பது மந்திரம். அந்த மந்திரத்தைக் கற்க ஆசைப்பட்ட கர்ணன், பார்ப்பனன் என்று சொல்லிப் பரசுராமரிடம் சேர வேண்டியிருந்தது. பொய் வெளிப்பட்டபோது என்ன சாபம் வந்தது? வில்லை ஒடிக்கவில்லை. தேவைப்படும் நேரத்தில் மந்திரம் மறந்துபோகும் என்றார் குரு. கற்ற கல்வியைத் திரும்பப் பிடுங்கிய சாபம் அது. ஏகலைவன் யாரிடமும் பொய் சொல்லவில்லை, தானாகவே கற்றான். கட்டைவிரல் போனது. சம்பூகன் ஆயுதமே எடுக்கவில்லை, தவம் மட்டும் செய்தான். தலை போனது.

சம்பூகனைக் கொன்றதற்காக இராமனைத் திட்டிப் பயனில்லை என்ற பொருளில் அம்பேத்கர் 1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் எழுதினார். நால்வருணம் தண்டனை இல்லாமல் ஒரு நாள்கூட நிற்காது, அதைக் காக்க வந்த அரசன் வேறென்ன செய்வான் என்பது அவர் வாதம். அதே நூலில் இன்னொன்றும் சொல்கிறார். இத்தனை கொடுமைக்கும் ஒடுக்கப்பட்டவர்கள் ஏன் கிளர்ந்தெழவில்லை? ஆயுதம் ஏந்தும் உரிமை அவர்களுக்கு இல்லை, கல்வி கற்கும் உரிமையும் இல்லை என்கிறார். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். வாள் மட்டும் உள்ளவனைக் கூலிப் படையில் சேர்த்துக்கொள்ளலாம். ஏடு மட்டும் உள்ளவனை மிரட்டி உட்கார வைக்கலாம். இரண்டும் ஒரு கையில் சேர்ந்தால்தான் அவர்களுக்குப் பயம். எங்கள் தம்பிகள் தாளில் மல்டிகிளாஸ் என்று எழுதும்போது எதைத் தொடுகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

கழுவில் ஏறியவன்

காத்தவராயன் அந்தப் பயத்தின் கதை. காவல் தொழில் செய்த பறையர் வீட்டில் வளர்ந்தவன். திருச்சிப் பக்கத்துக் கதை. ஆரியமாலா என்ற பார்ப்பனப் பெண்ணை மணக்க அவன் செய்த வேலைகளைக் கேட்டால் சிரிப்பும் வரும், மலைப்பும் வரும். கிளியாகப் போனான், வளையல் விற்பவனாகப் போனான். மந்திரத்தில் பேர்போன தொட்டியத்துச் சின்னானை மந்திரத்தாலேயே வென்று தன் கூட்டாளி ஆக்கிக்கொண்டான். அரசனின் ஆட்கள் பிடிக்க வந்தால் சண்டையும் போட்டான். நம் கதைப்பாடல்களில் வாளும் மந்திரமும் இவ்வளவு இயல்பாக ஒரே ஆளிடம் சேர்ந்தது அபூர்வம். முடிவு கழுமரம்.

இந்தக் கதை திருச்சியோடு நின்றுவிடவில்லை. யாழ்ப்பாணத்தில் காத்தவராயன் கூத்து இன்றும் ஆடுகிறார்கள். 1958இல் சிவாஜி கணேசன் நடித்துப் படமாகவும் வந்தது. இதன் கதைப்பாடலைப் பதிப்பித்து, இது சாதியை மீறியவனின் கதை என்று விளக்கமாக எழுதியவர் நம் மாவட்டத்துக்காரர். நாங்குநேரியில் 1917இல் பிறந்த நா. வானமாமலை. பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு நெல்லை ஆய்வுக் குழுவை நடத்தியவர். பேராசிரியர்கள் நாட்டுப்பாட்டை முகஞ்சுளித்துப் பார்த்த காலத்தில் அதைச் சேகரித்தவர்.

அவர் காட்டிய ஒரு விஷயத்தைத்தான் நான் இங்கே பிடித்துக்கொள்கிறேன். கீழ்ச்சாதி என்று சொல்லப்பட்ட ஒருவன் வீரனாகவோ ஒருத்தி நாயகியாகவோ வந்துவிட்டால், கதையின் தலையில் ஒரு பிறப்புக்கதை வந்து ஒட்டிக்கொள்கிறது. காத்தவராயன் உண்மையில் பறையர் பிள்ளை இல்லை, சிவன் மகன், சாபத்தால் இங்கே வந்தவன். மதுரை வீரன் உண்மையில் அருந்ததியர் பிள்ளை இல்லை, காசி ராசாவின் மகன், காட்டில் போடப்பட்டவனை அவர்கள் எடுத்து வளர்த்தார்கள். 1956இல் எம்.ஜி.ஆர். நடித்த படத்திலும் இந்த ராசா பிறப்பு பத்திரமாக இருக்கிறது.

நம் ஆற்றங்கரைக் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் ஆடி அமாவாசைக்குக் கூட்டம் அலைமோதும். அங்கே பட்டவராயன் சந்நிதியில் நேர்த்திக்கடனாகத் தோல் செருப்புக் கட்டுகிறார்கள். கோயிலுக்குள் செருப்போடு போகக்கூடாத நாட்டில், செருப்பையே காணிக்கையாக ஏற்கும் சாமி. அவர் முத்துப்பட்டன். பிறப்பால் பார்ப்பனர். பொம்மக்கா, திம்மக்கா என்ற அருந்ததியர் சகோதரிகளை மணக்க விரும்பினார். பெண்களின் தகப்பனார் வாலப்பகடை வைத்த நிபந்தனைப்படி குடுமியையும் பூணூலையும் அறுத்தெறிந்து, செருப்புத் தைக்கக் கற்று, மாட்டுக்குக் காவலாக நின்று, மாடு கவர வந்த கூட்டத்தோடு சண்டையிட்டுச் செத்தார். 1971இல் வானமாமலை இதைப் பதிப்பித்தார். இந்தக் கதையிலும் ஒட்டு வந்திருக்கிறது. அந்த இரண்டு பெண்களும் உண்மையில் அருந்ததியர் வீட்டில் பிறந்தவர்கள் இல்லை, காட்டில் கிடைத்த பார்ப்பனக் குழந்தைகள் என்று ஒரு தலைப்பகுதி. அப்படியானால் முத்துப்பட்டன் செருப்புத் தைத்ததெல்லாம் எதற்கு? தன் சாதியிலேயே கல்யாணம் பண்ணவா? ஒட்டியவனுக்கு அந்தக் கவலை இல்லை. பார்ப்பனன் அருந்ததியப் பெண்ணை மணந்தான் என்று ஊர் பாடக்கூடாது, அவ்வளவே அவன் கவலை.

முத்துப்பட்டனையும் காத்தவராயனையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மேலிருந்து கீழே இறங்கியவர் மாட்டுத் திருடர் கையால் செத்தார். கீழிருந்து ஏறியவன் அரசனின் தீர்ப்பால் செத்தான். முன்னது விபத்து மாதிரி. பின்னது சட்டம்.

“அண்ணே, நம்ம பாட்டிமாரே காத்தவராயனைச் சிவன் பிள்ளைன்னுதானே கும்பிட்டாங்க? அவங்க பக்தியை நீங்க எப்படிக் குறை சொல்லலாம்?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. என் வீட்டிலும் கும்பிட்டார்கள். கழுவில் செத்தவனைச் சாமி ஆக்கியது நம் ஆட்கள் கொடுத்த மரியாதை. ஊர் கொன்றவனை ஊரே கையெடுத்துக் கும்பிட வைத்தார்கள். அதைவிடப் பெரிய எதிர்ப்பை அந்தக் காலத்தில் அவர்களால் காட்டியிருக்க முடியாது. செத்த பிறகு சாமியானான் என்பது வேறு, பிறக்கும்போதே சாமி என்பது வேறு. முதலாவதில் அவன் பெருமை அவனுடையது. இரண்டாவதில் அவன் பெருமை அவன் இரத்தத்துடையது. பறையர் வீட்டில் இப்படி ஒருவன் பிறக்க முடியாது, எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும் என்று அது நமக்குச் சொல்லிக்கொடுக்கிறது. சார்சரர் என்று தாளில் எழுதும் தம்பி அதையேதான் ஆங்கிலத்தில் எழுதுகிறான்.

யார் கையில் இருந்தால் சூனியம்?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நம் ஆள் மந்திரம் கற்றதாகக் கதை ஒப்புக்கொண்டுவிட்டால், அந்த மந்திரத்தின் பெயர் மாறிவிடும். ரிஷி சொன்னால் மந்திரம், நாம் சொன்னால் பில்லி சூனியம்.

தாமிரபரணிக் கரையில் சீவலப்பேரி சுடலைமாடன் கோயிலுக்குப் போகாத நெல்லைக்காரர் குறைவு. கொடை நாட்களில் நடுச்சாமத்தில் வில்லுப்பாட்டில் மாடன் கதை ஓடும். அதில் மலையாள நாட்டு மாகாளிப் பெரும்புலையன் வருவான். பெயரைக் கவனியுங்கள், புலையன். மந்திரத்தில் அவனை மிஞ்ச ஆளில்லை. மாடனே அவனோடு மோதித்தான் ஆக வேண்டியிருக்கிறது. முடிவில் மாடன் அவன் பெற்ற மகளையே பலியாகக் கேட்டு வாங்குகிறார். மாடன் எனக்கும் சாமிதான். ஆனாலும் அந்த இடம் வரும்போது கூட்டம் ஆரவாரிக்கையில் என்னால் ஆரவாரிக்க முடிந்ததில்லை. கதையிலேயே அதிகம் கற்றவன் ஒரு புலையன், அவனுக்குத்தான் அந்தத் தண்டனை. இந்தப் பாட்டை ஆயிரம் முறை கேட்டு வளர்ந்த ஊரில், படித்த தலித்தைக் கண்டால் “இவன் ஏதோ வேலை பண்ணுறான்” என்ற சந்தேகம் எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ச்சி செய்யத் தேவையில்லை.

அதே வில்லுப்பாட்டின் வில்லைப் பாருங்கள். போர்க்கருவி. அதில் மணி கட்டி, குடத்தில் பொருத்தி, வீசுகோலால் அடித்துப் பாட்டு ஆக்கிவிட்டார்கள். ஆயுதமும் சொல்லும் ஒன்றாக இருப்பது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. யார் கையில் இருக்கலாம் என்பதுதான் சண்டை.

அந்தச் சண்டை கதையோடு முடிந்துவிட்டது என்பவர்களுக்கு மூன்று செய்திகள்.

முதலாவது மந்திரம் பற்றியது. அம்பேத்கர் பம்பாயில் படித்த நாளில் சமஸ்கிருதம் படிக்க விரும்பினார். தீண்டத்தகாதவருக்குக் கற்பிக்க மாட்டோம் என்றார்கள், பாரசீகம் எடுத்துக்கொண்டார். அது நூறு ஆண்டுக்கு முந்தைய கதை என்பீர்கள். சரி, தமிழ்நாட்டுக்கு வாருங்கள். அனைத்துச் சாதியினரும் அர்ச்சகர் ஆகலாம் என்று 2006இல் அரசு ஆணை போட்டது. ஆறு இடங்களில் பயிற்சிப் பள்ளி திறந்தார்கள், நம் ஆறு கடலில் சேரும் பக்கத்துத் திருச்செந்தூரில் ஒன்று. 200க்கும் மேற்பட்டவர்கள் 2008இல் படிப்பை முடித்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது, 2015இல் தீர்ப்பு வந்தது, அதன் பிறகும் ஆகமம் ஆகமம் என்று இழுத்தார்கள். 2021 ஆகஸ்டில்தான் அவர்களில் 24 பேருக்கு வேலை கிடைத்தது. விளையாட்டில் கிளாஸைச் சேர்க்க 13 புள்ளி வேண்டும். நம் பிள்ளைகள் மந்திரம் படித்துவிட்டு 13 ஆண்டு காத்திருந்தார்கள். மனப்பாடம் செய்த மந்திரம் தப்பு என்று யாரும் சொல்லவில்லை. சொல்லும் வாய்தான் தப்பு என்றார்கள்.

இரண்டாவது வாள் பற்றியது. மகர்கள் கம்பெனி காலத்திலிருந்து பம்பாய்ப் படையில் இருந்தவர்கள். அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சுபேதார், படைப் பள்ளியில் தலைமையாசிரியர். இராணுவமும் கல்வியும் ஒரே ஆளிடம் சேர்ந்த வீட்டில்தான் அம்பேத்கர் பிறந்தார், இது தற்செயல் இல்லை. 1890களில் வெள்ளைக்காரன் ‘போர்க்குணம் உள்ள இனம்’ என்று ஒரு பட்டியல் போட்டு, மகர்களைப் படையில் எடுப்பதை நிறுத்தினான். எந்தப் பிறவிக்கு எந்தக் கிளாஸ் என்ற அதே விதி, துப்பாக்கியோடு.

மூன்றாவது நம் வாசலில் நடந்தது. 2023 ஆகஸ்டில், வானமாமலை பிறந்த அதே நாங்குநேரியில், நன்றாகப் படித்த ஒரு தலித் மாணவனை அவனோடு பள்ளியில் படித்த பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அந்தப் பிள்ளை செய்த குற்றம், தனக்கு நடந்த கொடுமையை வெளியே சொன்னது. நீதியரசர் கே. சந்துரு தலைமையில் அரசு குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. மாணவர்கள் சாதி காட்டும் வண்ணக் கயிறு கட்டக்கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது என்றெல்லாம் பரிந்துரைகள். கயிற்றைக் கூடவா தடை செய்வது என்று குதித்தவர்களைப் பார்த்தோம். மணிக்கட்டில் கட்டிய கயிறு வேறென்ன? இன்னார் இன்ன கிளாஸ் என்று மேசையில் முன்கூட்டியே எழுதி வைப்பதுதான்.

இப்படி ஆக்குங்கள்

இனி தம்பிகள் கேட்டதற்கு நேரடிப் பதில். விதிப்புத்தகத்தைப் படித்த அளவில் சொல்கிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள்.

முதல் படியில் ஃபைட்டர் எடுங்கள். காவல்காரர் வீட்டுப் பிள்ளை, ஆயுதம்தான் முதலில் கைக்கு வரும். விளையாட்டுக்கும் அதுதான் லாபம். ஃபைட்டராகத் தொடங்கினால் எல்லாக் கவசமும் பழகியிருக்கும், அடி விழுந்தாலும் மந்திரம் கலையாமல் பிடித்துக்கொள்ளும் உடலுறுதி கிடைக்கும். மந்திரத்தில் தொடங்கிப் பிறகு வாளுக்கு வந்தால் அந்த உறுதி வராது. பழகிய கவசத்தோடு மந்திரம் போடத் தடை இல்லை.

அடுத்த படியிலிருந்து விசார்ட். வலிமை அல்லது வேகம் 13, அறிவு 13 வேண்டும். பகடையில் விழுந்த பெரிய எண்ணைத் தயங்காமல் அறிவில் போடுங்கள். நம் ஆள் என்றாலே எல்லாப் புள்ளியையும் வலிமையில் கொட்டும் பழக்கம் சினிமாவிலிருந்து வந்தது, அதை விடுங்கள். விலை ஒன்று உண்டு, அதையும் சொல்ல வேண்டும். வாளில் செலவிட்ட ஒவ்வொரு படிக்கும் மந்திரம் ஒரு படி பிந்தும். உடன் ஆடும் விசார்ட் ஐந்தாம் படியில் தீயுருண்டை எறியும்போது உங்களுக்கு அது இன்னும் வந்திருக்காது. பொறுங்கள். உருவம் மாறும் பெரிய மந்திரம் விசார்ட் ஏழாம் படியில் வரும். அன்றைக்குக் காத்தவராயன் கிளியாகட்டும். அதுவரை வேடம் போடும் சின்ன மந்திரத்தோடு வளையல் விற்கட்டும்.

பின்னணி என்ற இடத்தில் 2024 புத்தகத்தில் காவலர் என்று ஒன்று இருக்கிறது. அது எந்தத் திறன்களுக்குப் புள்ளி கூட்டுகிறது தெரியுமா? வலிமை, அறிவு, விவேகம். நான் இதைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். அமெரிக்காவில் எவரோ எழுதிய புத்தகத்தில், காவல்காரனுக்கு அறிவு கூடும் என்று போட்டிருக்கிறது. நம் கதைப்பாடலைக் கெடுத்தவர்களுக்கு இது தோன்றவில்லை. அவனை உயர்த்த அவர்களுக்கு ஒரு தெய்வத் தகப்பன் தேவைப்பட்டது.

கதை நடத்தும் தம்பிக்கும் ஒரு வார்த்தை. நம்ம ஊர் உலகம் என்று சொல்லிக்கொண்டு ஃபைட்டருக்கு க்ஷத்திரியன், மந்திரக்காரனுக்கு அந்தணன் என்று பெயர் மாற்றாதே. “பழைய காலத்தில் அப்படித்தான் இருந்தது” என்று சமாதானமும் சொல்லாதே. டிராகன் பறக்கும் உலகத்தில் எல்லாம் மாறலாம், வருணம் மட்டும் மாறாது என்றால் அது கற்பனைப் பஞ்சம் இல்லை, ஆசை. எதிரியாகச் சாதி வரட்டும், அதோடு சண்டை போடலாம். விதியாக வரக்கூடாது.

பிறப்பு என்று தாளில் கேட்டால் பறையர் வீடு என்று எழுதுங்கள். அருந்ததியர் வீடு, தேவேந்திரர் வீடு என்று உங்கள் வீட்டையே எழுதினாலும் சரி. சாபம், மறுபிறப்பு, தொலைந்துபோன இளவரசன் எதுவும் வேண்டாம். மந்திரம் எப்படி வந்தது என்று கேட்டால் படித்தான் என்று சொல்லுங்கள். யாரிடம் படித்தான், எந்த ஏட்டைத் திருடினான், எத்தனை இரவு விளக்கில்லாமல் எழுதினான் என்பதைக் கதையாகச் சொல்லுங்கள். அதுதான் சுவாரசியமான கதையும்கூட.

ஒன்று பாக்கி. காத்தவராயன் என்றால் கடைசியில் கழு ஏறியாக வேண்டுமே என்று மேசையில் யாராவது சொல்வார்கள். எந்த விதியில் இருக்கிறது? பகடையை உருட்டச் சொல்லுங்கள்.

ஜெய் பீம்.